குள்ளச்சி வீட்டு மொய்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பயன் இராது. தண்டையார்பேட்டையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒருவரும் இல்லையே என்றுதான் விடை வந்திருக்கும். வேஸ்ட்டுக் கடை அக்கா என்று கேட்டிருந்தாலோ, கேட்டவரைக் கையோடு அழைத்துவந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இன்று அந்தக் கடையில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள்.

தொழிற்கூடங்களில் எண்ணெய்க் கறை துடைப்பதற்கென்று, பனியன் ஆலைகள் கழித்த துணியையும் பழந்துணியையும் தரம் பிரித்து, 'வேஸ்ட்டு' என்ற பெயரில் எடைக்கு விற்பது அவருடைய வணிகம். துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை அவருடைய துணி துடைக்காத இயந்திரம் குறைவு. ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்து, பொத்தானையும் கொக்கியையும் அறுத்தெடுத்த பிறகே மூட்டை கட்டுவார். ஒரு கொக்கி தப்பினாலும் பித்தளையில் கோடு விழுந்துவிடும் என்பார். அறுத்தெடுத்த பொத்தான்கள் கடை மூலையில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அவற்றை அவர் விற்கவும் இல்லை, எறியவும் இல்லை.

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில், லாரிகளை நிறுக்கும் ஓர் எடைமேடையில் சீட்டு எழுதியவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, ஒரு லாரிக்கும் மறு லாரிக்கும் இடையே படித்த நூல்களே கல்வி. அக்காவின் மூட்டைகள் என் எடைமேடைக்கு வரும். மூட்டைகளுக்கு மேல் அவரும் அமர்ந்து வருவார். அவரை இறங்கச் சொல்லிவிட்டுத்தான் எடை போடவேண்டும். "என் எடையையும் சேத்துப் போடு அண்ணாத்தே, நானும் வேஸ்ட்டுதான்" என்று சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் கிடைத்தது. என் மனைவிக்குக் கிடைத்த காரணம்: "எனக்குப் புடிச்சவன் பாதிரியாரா பூட்டான் அண்ணி." எதிர்வீட்டுக்காரிக்கு, பிடித்தவன் கப்பலேறிப் போனதாகச் சொன்னார். இரண்டும் பொய் என்பது இருவருக்கும் தெரியும். அதற்குமேல் கேட்கத் தோன்றாது.

தமக்கென்று ஒரு விசேஷம் இல்லாத அந்த அம்மையார், பிறர் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. ராயபுரத்து மீனவர் வீட்டில் ஞானஸ்நானம், வண்ணாரப்பேட்டையில் நிக்காஹ், திருவொற்றியூரில் காதுகுத்து, எங்கே பத்திரிகை வந்தாலும் முதல் வரிசையில் அக்கா இருப்பார். நிறைவாக உண்பார். எழுந்து கை கழுவியதும் மொய் எழுதுவார். திருமணமாயின் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு மொய். மாப்பிள்ளை வீட்டாரை அவர் முன்பின் அறிந்திருக்க மாட்டார். பிறகு எதற்கு இரண்டு என்று ஒருமுறை கேட்டேன்.

"பொண்ணு அங்கதானே பூடுது. நாளைக்கு இந்தப் பக்கம் யாரு கீறான்னு ஒரு பேச்சு வந்தா, அவங்களுக்கும் நம்மள தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

மொய் என்பது கொடை அன்று. செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது, வாங்கியவர் ஒரு பிடி கூட்டித் திருப்பிச் செய்தாகவேண்டும். அக்கா வீட்டில் விசேஷமே வராதாகையால், எங்கள் பகுதி முழுவதும் அவருக்குக் கடமைப்பட்டு, அக்கடமையைத் தீர்க்க வழியின்றித் தவித்தது. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து அரிசி மண்டி நடத்தும் பெரியவர் ஒருவர் பொறுக்க மாட்டாமல், ஒருநாள் உறையில் பணம் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"நாலு புள்ளையளுக்கும் செஞ்சிருக்கிய. எங்களுக்கு மனசு கேக்க மாட்டேங்குக்கா" என்றார் மண்டிக்காரர்.

அக்கா உறையைத் தொடவே இல்லை. "எம் வூட்ல இன்னா விசேஷம் இன்னிக்கு? சொம்மா நாள்ல குடுத்தா அதுக்குப் பேரு மொய் இல்ல நைனா, கடன். மனசு கேக்கலன்னா அஞ்சாவதா ஒண்ணு பெத்துக்கோ, அதுக்கும் வரேன்."

அறுபது கடந்த மண்டிக்காரர் வெட்கத்தோடு உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

யாரிடமும் எதையும் கேட்காதவர் என்று அவரை ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த வரியின் ஆழத்தை எங்களுக்குக் காட்டியது ஓர் இரயில் இஞ்சின்.

திருவொற்றியூரில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் உள்ளே, தகரக் கொட்டகையின் கீழ் அந்த நீராவி இஞ்சின் நின்றது. பெருந்தடத்திலிருந்து சரக்குப் பெட்டிகளை ஆலைக்குள் இழுத்துவரும் சிறிய இஞ்சின். உருவம் குட்டையானதால் தொழிலாளர்கள் அதனைக் குள்ளச்சி என்று அழைத்தனர். டீசல் இஞ்சின் வந்ததும் குள்ளச்சிக்கு ஓய்வு. பின்னர் ஆலைக்கே ஓய்வு வந்தது. அக்காவுக்கு மட்டும் ஓய்வில்லை. ஆலை இயங்கிய காலத்தில் குள்ளச்சியைத் துடைக்கத் துணி கொடுத்தவர், மூடிய பிறகு தாமே துணியோடு போய்த் துடைக்கலானார். வெள்ளிக்கிழமை தோறும் காவலாளி கதவைத் திறந்துவிடுவார். கடலோர உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஒரு பருவம் பாராமல் விட்டால் தகடு அப்பளமாகப் பொரிந்துவிடும். ஒரு கிழட்டு இஞ்சினிடம் அப்படி என்ன பற்று என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "தொடைச்சா பளபளன்னு ஆவுது அண்ணாத்தே. ஆவுறத தொடைக்காம வுட்டா எப்டி?"

ஒரு கார்த்திகை மாதத்தில் ஆலை நிலம் கைமாறியது. புதியவர்களின் மேலாளர் நல்ல மனிதர், இளையவர். ஆனால் அவர் கையிலும் ஒரு கட்டளை இருந்தது. பொங்கலுக்குள் கொட்டகை காலியாகவேண்டும். பழைய இரும்பு விலையைக் கொடுத்து யாரேனும் எடுத்துச் சென்றால் சரி, இல்லையேல் இஞ்சினை வெட்டிப் பிரிக்கும் யார்டுக்குப் போகும். எடைமேடைக்காரன் என்ற முறையில் எனக்கு அதன் பொருள் உடனே விளங்கிற்று. காஸ் வெட்டில் துண்டு துண்டாகி லாரிகளில் ஏறி என் மேடைக்கே வந்து சேரும். நானே சீட்டு எழுதவேண்டியிருக்கும்.

என்னாலானதை நான் செய்தேன். 'பாரம்பரியச் சின்னத்தைக் காப்போம்' என்று தொடங்கும் வேண்டுகோள் ஒன்றை எழுதிப் பல இடங்களுக்கு அனுப்பினேன். ஓர் அருங்காட்சியகத்தார், இதுபோன்றவை தம்மிடம் முன்னமே நிற்கின்றன, நிற்பவற்றைப் பேணவே நிதி போதவில்லை என்று வருந்தி எழுதினர். ஒரு செல்வந்தர் குள்ளச்சியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். தேநீர்க் கடையில் உண்டியல் வைத்தோம். திறந்தபோது கொஞ்சம் சில்லறையும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. அக்கா அந்தப் பொத்தானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கடையில தப்பிச்சது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டா எவனும் குடுக்கமாட்டான் அண்ணாத்தே. கூப்ட்டா வருவான்" என்றார்.

அன்று மாலையே கடை வாசலில் ஓர் ஆலோசனை நடந்தது. கூப்பிடுவதென்றால் எதற்குக் கூப்பிடுவது? காதுகுத்து என்றார் ஒருவர். குள்ளச்சிக்குக் காது எங்கே என்று மறுத்தார் மற்றவர். மஞ்சள் நீராட்டு என்று சொன்னவரை, வயது என்ன ஆகிறது அவளுக்கு என்று எல்லாரும் கேலி செய்தனர். அதற்குள் தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியை, தம் மைதானத்தில் ஒரு மூலையைத் தர இசைந்தார். துண்டுத் தண்டவாளம் பதித்து மேலே கூரை போட்டுவிட்டால் அதுவே வீடு. ஆகவே புதுமனை புகுவிழா என்று முடிவாயிற்று.

பத்திரிகையை நான் எழுதினேன். 'பாரம்பரியச் சின்னமாகிய நீராவி இஞ்சின்' என்ற தொடரை அக்கா நீக்கச் சொன்னார். "எங்க வூட்டு குள்ளச்சி புது வூட்டுக்குப் போறான்னு போடு. அது போதும்." அவ்வாறே போட்டேன். அச்சகத்துக்காரரோ பழக்க தோஷத்தால், எல்லாத் திருமணப் பத்திரிகையிலும் போடுவதுபோல் அடியில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று சேர்த்து அச்சிட்டுவிட்டார். கட்டைப் பிரித்த எனக்குத் தலை சுற்றியது. மொய் ஒன்றே வழி என்றிருக்க, அதுவே வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பதா? மறுபடி அச்சிட நேரமில்லை.

அக்கா ஒவ்வொரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டே, "இருக்கட்டும் வுடு. வாணான்னு சொன்னாதான் நம்மாளு எடுத்துகினு வருவான்" என்றார். தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைத்தார். எந்த வீட்டிலும் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இஞ்சினை நகர்த்துவது தனிச் சிக்கல். அதைத் தூக்கப் பெரிய கிரேன் வேண்டும், சுமக்க டிரெய்லர் லாரி வேண்டும். ராயபுரத்துக் கிரேன்காரர், மணலி டிரெய்லர்காரர் இருவர் வீட்டிலும் அக்கா மொய் செய்திருந்தார். அவர்களிடம் அவர் வாடகை விசாரிக்கவில்லை. தாய்மாமன் சீர் யார் செய்வது என்று மட்டும் விசாரித்தார். புதுமனை புகுவதற்குத் தாய்மாமன் சீர் எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அக்காவின் சாத்திரத்தில் இருந்தது. கிரேன்காரர் தாமே மாமன் என்றார். டிரெய்லர்காரருக்குச் செய்தி எட்டி, அவர் கடைக்கே வந்து நின்றார்.

"அவன் தூக்கி வெக்கறதோட சரி. வழி முச்சூடும் சொமந்துகினு வர்றவன் நானு. மொத மாலை எனுக்குத்தான்" என்றார் டிரெய்லர்காரர்.

"தூக்காம நீ இன்னாத்த சொமப்ப? காத்தையா?" என்றார் கிரேன்காரர்.

அக்கா இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். "ரெண்டு பேரும் என்னிய அக்கான்றீங்க. அக்கா பொண்ணுக்கு ரெண்டு தம்பியும் மாமன்தானே. ஒரே மாலையா வாங்கி ரெண்டு பக்கமும் புடிச்சுக்கோங்க."

வாடகைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பெரம்பூரில் இரயில் இஞ்சின் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வந்து கொதிகலனைத் தட்டிப் பார்த்தார். குழாய்கள் அரித்துவிட்டன, இனி ஒருபோதும் இதில் நீராவி ஏற்றலாகாது என்றார். கூவும் என்று நம்பியிருந்த எங்களுக்கு அது பேரிடி. அக்கா இஞ்சினின் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆவி வாணாம் சார். பால் காய்ச்சலாமா?"

பொறியாளருக்குப் புரியவில்லை. புது வீட்டில் பால் பொங்கவேண்டும், குள்ளச்சிக்குத்தான் சொந்தமாக அடுப்பு இருக்கிறதே என்று அக்கா விளக்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாத் திறப்புகளையும் திறந்துவைத்து, நாலைந்து விறகுக்கு மேல் போகாமல், தம் கண்முன் செய்வதானால் சரி என்றார்.

விழா நாள் வந்தது. மேலாளர் எங்களுக்காகத் தம் மேலிடத்தில் ஒரு சலுகை பெற்றிருந்தார். காலையில் இஞ்சினை எடுத்துச் செல்லலாம். மாலைக்குள் விலை அவர் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் இஞ்சின் மறுபடி வண்டியேறி யார்டுக்குப் போகும். இதனை அறிந்தவர்கள் அக்கா, நான், இரு மாமன்மார் ஆகியோரே. எங்கள் முகத்தில் மட்டும் அன்று சிரிப்பில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மாலையும் மாவிலைத் தோரணமுமாகக் குள்ளச்சி டிரெய்லரில் ஏறி நெடுஞ்சாலையில் வந்தாள். பின்னால் வந்த டேங்கர் லாரிகள் ஒலிப்பானை அடிக்காமல் ஊர்ந்து வந்தன. மைதான வாசலில் பெண்கள் வரிசைத் தட்டோடு நின்றனர். தட்டுகளில் வெற்றிலை பாக்கு பழத்துக்கு நடுவே செங்காவிப் பெயிண்ட் டின், கிரீஸ் டப்பா, கம்பித் தூரிகை எல்லாம் பூச்சூடி இருந்தன. வண்ணாரப்பேட்டைத் துணி வியாபாரி பாய் ஒரு பெரிய தார்ப்பாயை மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுவந்தார். என்ன கொடுப்பது என்று தெரியாதவர்கள் எந்த விசேஷத்துக்கும் கொடுப்பதையே கொடுத்தனர். ஆகவே சுவர்க் கடிகாரங்கள் வந்து குவிந்தன. அவை இன்றும் அப்பள்ளியின் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்.

இரு மாமன்மாரும் மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போட்டனர். கிரேன் இறக்கியது. குள்ளச்சி தண்டவாளத்தில் அமர்ந்தாள். அக்கா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலேறி, இஞ்சினின் அடுப்புக்குள் விறகு வைத்துப் பால் பாத்திரத்தை ஏற்றினார். பொறியாளர் அருகிலேயே, பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்பவர்போல் நின்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, எத்தனையோ காலம் குருவி கூடு கட்டிக் கிடந்த புகைபோக்கியிலிருந்து, ஊதுபத்தியளவு ஒரு புகை எழுந்தது. மைதானம் முழுதும் அண்ணாந்து பார்த்தது. பால் பொங்கி வழிந்து விறகில் சீறியது. ஆலையின் பழைய தொழிலாளர் ஒருவர் விரலை வாயில் வைத்து, குள்ளச்சியின் பழைய கூவலை அப்படியே சீழ்க்கையடித்தார். அதன்பின் எழுந்த குலவையில் என் காது அடைத்துப்போயிற்று.

பந்தி தொடங்கியது. மொய் மேசையில் ஒலிபெருக்கியோடு இருந்தவர், காசிமேட்டு ஐஸ் வியாபாரி. முதல் ஆளாக அரிசி மண்டிக்காரர் வந்தார். ஒரு கையில் உறை, மறு கையில் பத்திரிகை. நேரே அக்காவிடம் போய், 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இது யாருக்குப் போட்டது? எனக்கா?"

"உனுக்கு இல்ல நைனா. நீ எங்க வூட்டு ஆளு" என்றார் அக்கா.

மண்டிக்காரர் நான்கு பிள்ளைகளுக்கும் வாங்கியதை நான்காகத் தனித்தனியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி கூட்டி எழுதினார். பின்னால் நின்ற வரிசை மைதானத்தைத் தாண்டித் தெருவுக்குப் போனது. ஞானஸ்நானம் கண்ட குழந்தைகள் மீசையோடு வந்தார்கள். காதுகுத்து கண்டவள் கைக்குழந்தையோடு வந்தாள். ஐஸ் வியாபாரியின் குரல் கம்மிப்போய், இடையில் ஒருவர் மாற்றிப் பிடித்தார். ஒரு பெண்மணி வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுக ஊரில் விட்டுவைத்தது, ஒரு பகலில் வட்டியோடும் வாழ்த்தோடும் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

பொழுது சாயுமுன் மேலாளருக்கு விலை தீர்ந்தது. மீதியில் கூரையும் போடலாம் என்றாயிற்று. மேலாளர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு தம் பையிலிருந்து ஒரு பணத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குச் சென்று, தாமும் மொய் எழுதினார். அக்கா என் தோளில் இடித்தார்.

"மாட்டிகினாரு. இனிமே அவரு வூட்டு விசேஷத்துக்கு நாம போணும்."

எனக்கோ கவலை முழுதும் நீங்கவில்லை. உப்புக்காற்று அடுத்த ஆண்டும் வீசும். ஆண்டுதோறும் சுரண்டிச் சாயம் பூசவேண்டும், அதற்கு ஒவ்வோர் ஆண்டும் யார் வருவார் என்று கேட்டேன். அக்கா இலையில் இருந்த கடைசி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"வாங்கினவ திருப்பிச் செய்யணும் இல்ல? குள்ளச்சி செய்வா. அவ செஞ்சா அவங்க திரும்பச் செய்வாங்க. மொய்ல மாட்டினவன் ஊரை வுட்டுப் போவ முடியாது அண்ணாத்தே. அவளையும் மாட்டி வுட்டுட்டேன்."

அன்று முதல் எங்கள் பகுதியில் எந்த விசேஷமாயினும், குள்ளச்சியின் பெயரில், அவளுக்கு வந்த மொய்ப் பணத்திலிருந்தே, ஒரு மொய் போகும். தை பிறந்ததும் குள்ளச்சிக்குச் சாயம் பூசும் விழா வரும், ஊர் திருப்பிச் செய்யும். அக்கா அவ்விழாக்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு பிற்பகல் உறக்கத்தில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற பொத்தான் சாக்கைப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வாங்கிக்கொண்டு, எண்ணிக் கூட்டப் பழகும் சிறு வகுப்புகளுக்குக் கொடுத்தனர்.

சென்ற ஆவணியில் என் பேத்திக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் கரூர்ப் பக்கம். மண்டபத்தில் மொய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அக்கா அமரும் இடத்தை என் கண் தன்னையறியாமல் தேடியது. அவ்வேளை ஒலிபெருக்கி சொன்னது: "தண்டையார்பேட்டை குள்ளச்சி, பெண் வீட்டுக்கு ஐந்நூற்றியொன்று." எங்கள் பக்கத்தார் கைதட்டினர். அடுத்த மூச்சிலேயே, "அதே குள்ளச்சி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஐந்நூற்றியொன்று" என்றது.

சம்பந்தி இலையிலிருந்து நிமிர்ந்தார். யார் அந்த அம்மாள், நம் வீட்டுக்கும் செய்திருக்கிறாரே என்று கேட்டார். நான் அனைத்தையும் சொன்னேன். இரயில் இஞ்சின் என்றதும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க. அது என்னவா வேணா இருக்கட்டுங்க, வாங்கியாச்சு. அவங்க வீட்டுல அடுத்த விசேஷம் எப்பங்க?"

தை மாதம் என்றேன். கரூரிலிருந்து இரவு வண்டி பிடித்தால் விடியற்காலையில் வந்துவிடலாம் என்றேன். வெறுங்கையோடு வரலாகாது, என்ன கொண்டுவருவது முறை என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"சுவர்க் கடிகாரம் மட்டும் வேண்டாம்" என்றேன்.